சிவப்பு அம்பு

மார்ச் கடைசி வாரம்.
ராணிப்பேட்டை சிப்காட்டில், எங்கள் ஷூ கம்பெனியில்
சார் அறையை விட்டால் ஏசி இருப்பது எனக்குத்தான்.
அதனால்தானோ என்னவோ
எல்லாருடைய மார்க்கும்
கெட்டுப்போகாமல் என்னிடம் இருக்கிறது.

ஐந்துக்கு எத்தனை என்று லைன் மேஸ்திரி
பென்சிலில் எழுதித் தருவார்.
டில்லிபாபு சார் மேஜையில் இரண்டு நாள் படுத்து எழுந்து
அது பேனாவில் வரும்.
நடுவில் என்ன நடந்தது என்று
ரப்பர் துகளை ஊதித் தள்ளுகிற எனக்குத் தெரியும்.

பத்துப் பேரில் இரண்டு பேருக்குத்தான் நாலு.
ஒருத்தருக்காவது இரண்டு போட்டே ஆக வேண்டும்,
யாரும் மோசமில்லை என்றாலும்.
சென்னை ஆபீஸ் கணக்கு அது.
படம் போட்டால் மணி மாதிரி வர வேண்டுமாம்.
யார் கழுத்தில் கட்டுவது என்று மட்டும்
அவர்கள் சொல்லவில்லை.

தையல் லைனில் செக்கிங் நிலோபர்,
மேல்விஷாரத்துப் பெண்.
இடது மணிக்கட்டில் ஸ்டிக்கர் சுருள்
வளையல் மாதிரி கிடக்கும்.
நூல் தவறினால், பசை கசிந்தால்,
தோலில் ஒரு கொசுக்கடி இருந்தாலும்
சிவப்பு அம்பை ஒட்டிவிடுவாள்.
முனை பிழையைத் தொடும்.

நவம்பரில் ஒரு பெட்டியில்
இடது முப்பத்தெட்டு, வலது முப்பத்தொன்பது.
நாலாயிரம் ஜோடியையும் பிரிக்க வைத்தாள்.
கன்டெய்னர் ஒரு நாள் தாமதம்.
போதாததற்கு ஜெர்மன்காரர் முன்னால்
"பசை காயல சார், நேத்தே சொன்னேன்" என்றாள்.

பென்சிலில் அவளுக்கு நாலரை.
பேனாவில் இரண்டு.
குறிப்பு: குழுவோடு ஒத்துப்போவதில்லை.

நாலு, ஜெயசீலனுக்கு.
செவ்வாயும் வெள்ளியும் சாரின் அம்மாவை
டயாலிசிஸுக்கு வேலூர் கூட்டிப்போகிறான்.
சத்துவாச்சாரி நெரிசலிலும்
அந்தம்மாவுக்கு வலிக்காமல் ஓட்டுவானாம்.
அதைப் போய் எப்படிக் குறை சொல்வது?
படிவத்தில் அதற்கொரு கட்டம் இல்லை.
தொழில்நுட்ப அறிவு என்ற கட்டத்தில்
சார் போட்டுக்கொண்டார்.

இன்னொரு நாலு எனக்கு.
சாரின் மகளுடைய மஞ்சள் நீராட்டுக்கு
ஆற்காடு மக்கன் பேடா
ஒரு கிலோ வாங்கிப்போனேன்.
யார் வீட்டு விசேஷத்துக்கும் வெறுங்கையோடு போகிறவள் இல்லை நான்.
இதை எனக்கு நானே
மூன்று ராத்திரி சொல்லிக்கொண்டேன்.
வித்தியாசம் மாதம் அறுநூற்று நாற்பது ரூபாய்.

கையெழுத்துப் போட வந்தாள் நிலோபர்.
சார் வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு
வெளியே போய்விட்டார்.
அவள் சத்தம் போடவில்லை.
தாளை ஷூவைப் போலத் திருப்பிப் பார்த்தாள்.
விளிம்பில் பெருவிரலை ஓட்டினாள்.
"இது யார் தைச்சதுக்கா?"
நான் ஏசியை ஒரு புள்ளி குறைத்தேன்.

கையெழுத்திட்டாள்.
மணிக்கட்டிலிருந்து ஓர் அம்பை உரித்து
அந்த இரண்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனாள்.

ஸ்கேன் செய்ய வேண்டுமே.
நகத்தால் சுரண்டினேன்.
கொஞ்சம் தாளும் சேர்ந்து வந்தது.

ஏப்ரலிலிருந்து
ஐந்தரைக்கெல்லாம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள்.
முன்பு ஆறேகாலுக்கும்
ஏதாவதொரு ஷூவை விளக்கடியில் பிடித்துக்கொண்டிருப்பாள்.
இப்போதும் சிரிக்கிறாள்,
டிபன் பாக்ஸைத் திறந்தால் எனக்கும் ஒரு கை வைக்கிறாள்.
மணிக்கட்டுச் சுருள் மட்டும் இளைப்பதில்லை.
ஸ்டோரில் புதுசு கேட்டு யாரும் வரவில்லை.

ஜூன் அறிக்கையில்
பிழைகள் பாதியாகச் சரிந்திருக்கின்றன.
டில்லிபாபு சாருக்கு அத்தனை சந்தோஷம்.
நிலோபர் பெயருக்கு நேரே,
பென்சில் இல்லாமல், நேராகப் பேனாவிலேயே
எழுதிக் கொடுத்திருக்கிறார்,
மனப்போக்கில் நல்ல முன்னேற்றம்.

ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.